பதினேழின் மஞ்சள் கண்ணாடி

எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் யாரும் இல்லை. பெயர் இருக்கிறது, வாசலில் பித்தளைத் தகட்டில் பொறித்தும் வைத்திருக்கிறார். ஆனாலும் அவர் பதினேழுதான். ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் தேர்வு அதிகாரி. கையில் அட்டை, அட்டையில் தாள், தாளில் முப்பது வரிகள். பதினேழாவது வரி: ‘கிளம்பும் முன்பும் திரும்பும் முன்பும் பக்கக் கண்ணாடி பார்த்தல்.’ மற்ற வரிகளில் ஒருவர் எவ்வளவு சொதப்பினாலும் அவர் கொஞ்சம் யோசிப்பார். இந்த வரியில் தவறினால் யோசிக்க மாட்டார். தாளை மடித்து நீட்டி, “பதினேழு” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை விட்டு இறங்கிவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஊரில் பாதிப் பேர் அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். நான் இரண்டு முறை கேட்டேன்.

நல்லவர் என்று சொல்லக் கொஞ்சம் தயங்குவேன். கெட்டவர் இல்லை என்று சொல்லத் தயங்க மாட்டேன். காசு வாங்க மாட்டார், ஆள் பார்த்து வளைய மாட்டார். அமைச்சர் வீட்டு டிரைவரையும் காய்கறி வண்டிக்காரரையும் ஒரே மாதிரி தோற்கடிப்பார். விதி என்று ஒன்று தாளில் ஏறிவிட்டால் அது எதற்காக ஏறியது என்று கேட்கும் பழக்கம் அவரிடம் இல்லை.

தேர்வு செய்வதில் அவருக்கு ஒரு தனி முறை உண்டு. ஓட்டுபவரின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, சாலையைப் பார்க்காமல் ஓட்டுபவரின் கண்களையே பார்ப்பார். சாலையைப் பார்க்க ஓட்டுகிற ஆள் இருக்கிறார், அவர் பார்க்கிறாரா என்று பார்க்கத்தான் நான் இருக்கிறேன் என்பது அவர் வாதம். ஒருமுறை வண்டி சுவரில் ஏறப் போனதைக்கூட, ஓட்டியவரின் கண்கள் விரிந்த அளவை வைத்துத்தான் தெரிந்துகொண்டாராம்.

இன்னொரு விதியும் உண்டு. தேர்வு நடக்கும்போது, வழி சொல்வதைத் தவிர அதிகாரி வேறு எதுவும் பேசக் கூடாது. ஆகவே காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை பதினேழு வாய் திறப்பதில்லை. ஊரின் அத்தனை தவறுகளையும் பார்த்து அத்தனையையும் உள்ளேயே வைத்துக்கொள்கிற மனிதர், அவற்றை எங்காவது இறக்கித்தானே ஆக வேண்டும்? அவர் இறக்கி வைத்த இடம் அவருடைய மனைவி.

மனைவியைத் தெரு முழுக்கப் பல்செட்டு அக்கா என்று கூப்பிடும். ஊரின் மறு கோடியில் பல் செட்டு செய்யும் கூடத்தில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து, ரோஸ் நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சண்டை போடாமல் பொருந்துகிறதா என்று பார்ப்பார். கைக்கு அடக்கமான வேலை. யாரும் பேச்சுக் கொடுக்காத வேலை. அந்தக் கூடத்துக்கு வீட்டிலிருந்து முப்பத்தைந்து நிமிடம். தினமும் கணவர்தான் தன் சாம்பல் நிறச் சின்னக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு அலுவலகம் போவார். அந்த முப்பத்தைந்து நிமிடமும் அவர் பேசுவார். எதிரே வருகிறவன், முந்துகிறவன், முந்தாமல் உருட்டுகிறவன், நிறுத்திவிட்டு இறங்கி நிற்கிறவன் என்று எல்லோருக்கும் அங்கே மதிப்பெண் போட்டு முடிப்பார். பதினோரு வருடம். அக்கா கணக்கில் தேர்ச்சி இல்லாதவர். ஆனாலும் ஒருநாள் இதைப் பெருக்கிப் பார்த்தாராம். அடுத்த வாரமே பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்தார்.

கணவர் மனைவியைத் தேர்வு செய்யக் கூடாது. ஆகவே அக்காவைப் பதினேழின் பக்கத்து மேஜைக்காரர் சோதித்தார். பருத்த, பயந்த மனிதர். முதல் முறை பின்னால் எடுக்கும்போது கம்பத்தைத் தொட்டார் என்று தோல்வி. அது நியாயம். இரண்டாம் முறை எல்லாம் சரியாக இருந்தும் தாளில் பதினேழில் சுழித்துவிட்டார். பார்த்தேனே என்று அக்கா கேட்டதற்கு, பார்த்தீர்கள்தான், ஆனால் தாள் சாயங்காலம் உங்கள் வீட்டுக்காரர் மேஜைக்கு அல்லவா போகிறது, இன்னும் கொஞ்சம் தலையைத் திருப்பிப் பார்த்திருக்கலாம் என்றாராம். மூன்றாவது தேதி கிடைக்க இரண்டரை மாதம் ஆயிற்று. அது ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி.

அதற்கு முந்தைய சனிக்கிழமை காலையில்தான் அது நடந்தது.

வாசல் கேட்டிலிருந்து வண்டியைப் பின்னால் எடுப்பது எப்படி என்று கடைசியாக ஒருமுறை காட்டிவிடலாம் என்று பதினேழு முடிவு செய்தார். அவர் ஓட்டுநர் இருக்கையில். அக்கா பக்கத்தில். கண்ணாடியை எந்த நொடியில் பார்க்க வேண்டும் என்று விளக்கியபடி வண்டியைப் பின்னால் நகர்த்தினார். அக்கா கண்ணாடியைப் பார்க்கிறாரா என்று உறுதி செய்துகொள்ள, இருபத்திரண்டு வருடப் பழக்கப்படி, அக்காவின் கண்களைப் பார்த்தார்.

அக்கா கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கேட்டின் தூண் பெரிதாகிக்கொண்டே வந்தது.

“என்னங்க, தூணு…”

“பேசக் கூடாது. டெஸ்ட்டுன்னு நெனச்சுக்கோ. கண்ணு மட்டும்தான் வேல செய்யணும்.”

அக்காவின் கண்கள் விரிந்தன. பதினேழுக்கு அதன் அர்த்தம் தெரியும். பிரேக்கை மிதித்தார். அதற்குள் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி தூணோடு மோதி, ஓடு பிளந்து, தண்டு முறிந்து தொங்கியது. கண்ணாடி மூன்று துண்டாகத் தரையில் விழுந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தபோது துண்டுக்கு ஒருவராக மூன்று பதினேழு தெரிந்தார்கள். மூவருமே திகைத்த முகத்தோடு இருந்தார்கள்.

“பாத்தியா?” என்றார் அவர். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை போலும்.

“நான் பாத்தேன். நீங்கதான் என்னையப் பாத்தீங்க.”

இதற்குப் பதில் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. நாலு வீடு தள்ளி இருக்கும் மெக்கானிக், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார். அந்த மெக்கானிக்கைப் பதினேழு நான்கு முறை தோற்கடித்திருக்கிறார். நான்கு முறையும் அதே வரியில். ஐந்தாவது முறைதான் பாவம் தலையை ஆந்தை மாதிரி திருப்பித் திருப்பித் தேறினார். பதினேழு சுற்றுமுற்றும் பார்த்தார். கொடியில் கிடந்த ஈரச் சட்டையை உருவி முறிந்த தண்டின்மேல் போட்டார். கண்ணாடித் துண்டுகளின்மேல் தானே ஏறி நின்றுகொண்டார்.

டமால் என்று சத்தம் கேட்டதே என்று மெக்கானிக் விசாரித்தார். வீட்டுக் கதவு, காற்றில் அடித்துக்கொண்டது என்றார் பதினேழு. மெக்கானிக் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். ஓர் இலைகூட அசையவில்லை.

“வண்டி மேல எதுக்கு சார் சட்டை?”

“காயுது.”

“கொடி காலியாத்தானே இருக்கு?”

“வெயில் இங்கதான் நல்லா விழுது.”

மெக்கானிக் போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். தலையை நன்றாகத் திருப்பித்தான் பார்த்தார். அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரே பதினேழுதான்.

இப்போது நிலைமை இது. அலுவலக வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: ஒரு பக்கக் கண்ணாடி குறைந்தாலும் வண்டி தேர்வுத் திடலுக்குள் வரக் கூடாது. கீழே கையெழுத்துப் பதினேழுடையது. விண்ணப்பத்தில் இந்தக் காரின் எண்ணைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேறு வண்டி கொண்டுபோக முடியாது. திங்கட்கிழமை தவறினால் இன்னும் இரண்டரை மாதம். அக்காவுக்கு அது வெறும் தேதி இல்லை. எத்தனை காலைகள் என்று அவருக்குத் தெரியும். ஏற்கனவே ஒருமுறை பெருக்கிப் பார்த்தவர்தானே.

மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அரை மணி நேர வேலை என்றார் அக்கா. பதினேழு முகம் சுருங்கிவிட்டது. தூணில் தானே இடித்தார் என்ற கதை அந்தக் கடைக்குள் போனால் சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும், பிறகு அட்டையைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு இன்னொருவன் பக்கத்தில் போய் உட்காருவது என்று கேட்டார்.

“எனக்குத் திங்கக்கெழம டெஸ்ட்டு. உங்க மானத்த அதுக்கப்புறம் காப்பாத்திக்கலாம்,” என்றார் அக்கா.

கடைசியில் ஓர் உடன்பாடு ஆயிற்று. ஞாயிறு மாலைக்குள் அவரே வீட்டில் வைத்து மாட்டிவிட வேண்டும். முடியாவிட்டால் அக்காவே மெக்கானிக்கிடம் போவார். போய்த் தூணிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்வார்.

பதினேழு தொப்பி போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, பஸ் ஏறி ஊருக்கு வெளியே பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் விற்கும் இடத்துக்குப் போனார். யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நம்பினார். உள்ளே நுழைந்தவர், சக்கரம் இல்லாமல் செங்கல்லின்மேல் நிற்கும் ஒவ்வொரு செத்த வண்டியின் முன்னும் நின்று, கண்ணாடி கோணலாக இருந்தால் அதை நேராக்கி வைத்துக்கொண்டே நடந்தார். கடைக்காரர் மூன்றாவது வண்டிவரை பொறுத்துப் பார்த்தார்.

“பதினேழு சாரா?”

“இல்ல.”

“எனக்கு அவர் மூணு தடவ பதினேழு போட்டாரு.”

“அப்படியா?”

“நீங்க அவரப் பாத்தா சொல்லுங்க. நான் இப்ப நல்லா ஓட்டுறேன்.”

அவரிடம் சொல்கிறேன் என்று பதினேழு ஒப்புக்கொண்டார். அந்த ரகக் காருக்கு, அந்தப் பக்கத்துக்கு, அங்கே இருந்தது ஒரே ஒரு கண்ணாடி. டாக்ஸியாக ஓடி முடிந்த காரில் இருந்தது. ஓடு பளீரென்ற மஞ்சள். கடைக்காரர் அதைக் கையாலேயே பிடுங்கிக் கொடுத்ததில் நட்டுகள் எங்கோ தெறித்துப் போயின. பழைய நட்டுகளையே போட்டுக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்கு வந்து பையிலிருந்து எடுத்ததும் அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். பூசணிப் பூ மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை வேலை தொடங்கியது. பதினேழு முதலில் செய்தது ஒரு தாள் தயாரித்தது. தாள் இல்லாமல் அவரால் எதையும் செய்ய முடியாது. செல்போனில் ஒருவர் இதே வேலையைச் செய்து காட்டும் படத்தைப் பார்த்து, அதைப் பன்னிரண்டு வரிகளாக எழுதினார். படத்தில் இருந்த ஆள் கருவிகளைக் கண்ட இடத்தில் போட்டதற்காக அவருக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தார். பன்னிரண்டாவது வரி: ‘எந்தப் பாகமும் கை தவறி விழாதிருத்தல். விழுந்தால் தோல்வி.’ இதை எழுதச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை.

வேலை உண்மையில் பெரிதில்லை. கதவின் உட்புறம், கண்ணாடி இருக்கும் மூலையில், உள்ளங்கை அளவு முக்கோண பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். அதை நெம்பி எடுத்தால் பின்னால் மூன்று நட்டுகள். அவற்றைக் கழற்றினால் வெளியே கண்ணாடி கையோடு வந்துவிடும். புதியதை வைத்து அதே மூன்றையும் முடுக்கினால் தீர்ந்தது. பழைய ரகம் என்பதால் ஒயர் எதுவும் இல்லை. கையால் தள்ளித்தான் திருப்ப வேண்டும். ஒரே ஆபத்து, அந்த மூலைக்குக் கீழே கதவு கிணறு மாதிரி வெற்றாக இருக்கும். நட்டு உள்ளே விழுந்தால் கதவு முழுவதையும் பிரித்தால்தான் கிடைக்கும்.

மூடியை நெம்பினார். சரி போட்டார். முதல் நட்டு வந்தது. சரி போட்டார். இரண்டாவது வந்தது. சரி போடுவதற்காக ஒவ்வொரு முறையும் ஸ்பேனரைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, பேனாவை எடுத்தார். மூன்றாவது நட்டு கீழ் மூலையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. தடவித் தடவிக் கழற்றினார். கடைசிச் சுற்றில் அது விரலில் ஒரு நொடி நின்றது. பிறகு கதவுக்குள் எங்கோ போய்க் கிளுங் என்றது.

பதினேழு பேனாவை எடுத்துப் பன்னிரண்டாவது வரியில் சுழித்தார். தாளை மடித்தார். சுற்றிலும் நீட்ட யாரும் இல்லாததால் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். உள்ளே போய்க் கையைக் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

முடிந்ததா என்று அக்கா கேட்டார்.

“தோத்துட்டேன்.”

“சரி, மறுபடி பாருங்க.”

“ஆபீஸ் ரூலு. தோத்தவங்க பதினஞ்சு நாள் கழிச்சுதான் மறுபடி வரலாம்.”

விளையாடுகிறார் என்று அக்கா முதலில் நினைத்தார். அவர் முகத்தைப் பார்த்தார். பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த முகம். அதில் விளையாட்டு இல்லை.

இந்த இடத்தில் வேறு எந்த வீடாக இருந்தாலும் ஒரு பாத்திரமாவது பறந்திருக்கும். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. ஒருவருக்குத் தன்னை உலகத்தோடு சேர்த்து ஒரே தாளில் மதிப்பிடும் நேர்மை இருக்கலாம். ஆனால் பதினைந்து நாள் யாருடையது என்று பார்க்காத நேர்மை அரைக் குருடுதான். அக்கா இதையெல்லாம் சொல்லவில்லை. உள்ளே போனார். தன் வேலைப் பையை எடுத்து வந்தார். வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

“அடுத்த கேண்டிடேட் ரெடி சார்.”

பதினேழு நிமிர்ந்தார்.

“நீ என் மனைவி. நான் உன்னைய டெஸ்ட் பண்ண முடியாது.”

“அது வண்டி ஓட்டுறதுக்கு. கண்ணாடி மாட்டுறதுக்கு அப்படி எங்க எழுதியிருக்கு?”

அவர் யோசித்தார். எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆகவே புதுத் தாளில் பன்னிரண்டு வரிகளை மறுபடி எழுதி, அட்டையில் மாட்டிக்கொண்டு, இரும்பு முக்காலியை எடுத்துக் காருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மணி பதினொன்று பத்து. அந்த நொடியிலிருந்து அவர் பேசக் கூடாது.

அக்கா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கி, இடுப்பில் குழந்தையை வைத்திருக்கிற மாதிரி கதவை அணைத்துக்கொண்டார். ஒரு கையை வெளியே நீட்டி மஞ்சள் கண்ணாடியை அதன் இடத்தில் வைத்துப் பிடித்தார். மறு கையில் ஸ்பேனர். பையிலிருந்து ரோஸ் நிற மெழுகில் ஒரு கிள்ளு எடுத்து ஸ்பேனரின் குழிக்குள் அப்பி, அதில் நட்டை அழுத்தினார். நட்டு பல் மாதிரி உட்கார்ந்துகொண்டது. இனி தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. முதல் நட்டு ஏறியது. இரண்டாவதும் ஏறியது.

பதினேழின் வாய் திறந்து திறந்து மூடியது. ஸ்பேனரை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மெழுகு என்பது பன்னிரண்டு வரியில் எங்கும் இல்லையே என்றும் தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் சொல்ல முடியவில்லை. பேனாவைக் கடித்தார்.

மூன்றாவது நட்டுதான் கதவுக்குள் விழுந்துவிட்டதே. அக்கா காரைவிட்டு இறங்காமல் கண்ணாலேயே சுற்றிலும் தேடினார். பார்வை முக்காலியில் வந்து நின்றது.

“ஒரு நிமிஷம் எந்திரிங்க சார்.”

பதினேழு எழுந்தார். அக்கா இறங்கி வந்து முக்காலியைக் கவிழ்த்து, ஒரு காலின் நட்டைக் கழற்றி, கழற்றிப் போட்டிருந்த பழைய கண்ணாடியின் மரையில் கையால் சுற்றிப் பார்த்தார். பொருந்தியது. முக்காலியை நிமிர்த்தி வைத்து, “உக்காருங்க,” என்றார். உட்கார்ந்ததும் முக்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அதிகாரி எதிர்ப்புச் சொல்லக் கூடாது. மீதித் தேர்வு முழுவதையும் அவர் சாய்ந்த நிலையிலேயே நடத்தினார்.

அந்தக் கீழ் மூலையை நேராகப் பார்க்க வழியே இல்லை. அக்கா பையிலிருந்து நீளக் காம்பின் நுனியில் பொத்தான் அளவு கண்ணாடி பொருத்திய கம்பியை எடுத்தார். பல் டாக்டர் வாய்க்குள் விடுவாரே, அது. பல் வரிசையின் உள்பக்கம் சரியாக இருக்கிறதா என்று கூடத்தில் இதை வைத்துத்தான் பார்ப்பார்கள். அதைப் பற்களில் கவ்விக்கொண்டு மூலைக்கு எதிரே பிடித்தார். அதில் எல்லாம் இடம் வலமாகத் தெரியும். வலப்பக்கம் தள்ள வேண்டியதை இடப்பக்கம் தள்ள வேண்டும். நாம் என்றால் ஐந்தாவது நொடியில் குழம்பிவிடுவோம். அக்கா தினமும் எட்டு மணி நேரம் அப்படித்தான் பார்க்கிறவர். கண்ணாடியைப் பார்த்தார், கையை நகர்த்தினார், கண்ணாடியைப் பார்த்தார், நிறுத்தினார், மறுபடி பார்த்தார். நட்டு மரையில் பிடித்தது.

பதினேழு அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ ஆயிரம் கண்களில் அவர் தேடிய பார்வை அதுதான். பக்கத்து மேஜைக்காரர் இந்தக் கண்களுக்கு எதிரே பதினேழில் சுழித்த தாள் இரண்டரை மாதத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் தன் மேஜைக்கு வந்ததும், தான் படிக்காமலே கையெழுத்துப் போட்டதும் அப்போது நினைவுக்கு வந்ததாகப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். எனக்கு அது கொஞ்சம் தாமதமான ஞானமாகத்தான் தோன்றியது.

மூடியைத் தட்டிப் பொருத்திவிட்டு அக்கா இறங்கினார். மணி பதினொன்று நாற்பத்தைந்து. பதினேழு பன்னிரண்டு வரியிலும் சரி போட்டுத் தாளை நீட்டினார். அக்கா அதை வாங்கிப் பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தார். முப்பத்தைந்து நிமிடம் கணவர் பக்கத்திலேயே இருந்தும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை திடலின் வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். மெக்கானிக்கும் நின்றார். அவருடைய மச்சினிக்கு அன்றுதான் தேர்வு. பக்கத்து மேஜைக்காரர் அட்டையோடு வந்து, சாம்பல் காரைச் சுற்றினார். மஞ்சள் கண்ணாடியின் முன் நின்றார். கீழே கதவில் தூணின் சுண்ணாம்பு ஒரு கோடாகத் தெரிந்தது. அதையும் பார்த்தார். அவர் முகத்தில் பயம் படர்ந்தது.

“பழகும்போது இடிச்சிட்டீங்களா மேடம்?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு விதி இருந்தது. சமீபத்தில் வண்டியை இடித்த பழகுநர் இன்னும் ஒரு மாதம் பழகிவிட்டுத்தான் வர வேண்டும். கீழே கையெழுத்து யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. பேனா கட்டத்துக்கு மேலே நின்றது.

அக்கா வாசலுக்கு வெளியே நின்றிருந்த கணவரைப் பார்த்தார். மனைவிக்குத் தேர்வு நடக்கும்போது அவர் வாசலில் போட்டிருந்த கோட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பேசக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

பதினேழு வரிசையைப் பார்த்தார். நாற்பது பேர். மெக்கானிக். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“அவங்க இடிக்கல. நான் இடிச்சது.”

“நீங்களா சார்? எப்படி?”

“பின்னால எடுக்கும்போது.” கொஞ்சம் நின்றார். “கண்ணாடி பாக்கல.”

வரிசையில் நின்ற மெக்கானிக், யாரையும் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்: “பதினேழு.”

முதலில் மச்சினி சிரித்தாள். அப்புறம் வரிசை முழுவதும் சிரித்தது. பக்கத்து மேஜைக்காரர் சிரிக்கக் கூடாது என்று அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அட்டை குலுங்கியது. பதினேழு சிரிப்பு ஓயும்வரை நின்றார். மெக்கானிக்கைப் பார்த்து, சரியான மதிப்பீடு என்றார்.

இதைப் பெரிய வீரமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினைந்து நாளைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர் திங்கட்கிழமை அதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா தேறினார். பக்கத்து மேஜைக்காரர் பதினேழாவது வரியில் இரண்டு முறை சரி போட்டிருந்தார்.

மஞ்சளைச் சாம்பலாக்கித் தருகிறேன் என்று மெக்கானிக் வந்து கேட்டார். வேண்டாம், கும்பலில் வண்டியைக் கண்டுபிடிக்கச் சுலபமாக இருக்கிறது என்று அக்கா மறுத்துவிட்டார். இப்போது காலையில் அக்காதான் ஓட்டுகிறார். போகிற வழியில் கணவரை அலுவலகத்தில் இறக்கிவிட்டுக் கூடத்துக்குப் போகிறார். முதல் நாள் கிளம்பும்போது, பக்கத்து இருக்கையில் ஏறிய பதினேழு எதிர் வீட்டுக் காரைப் பற்றி ஏதோ தொடங்கினார். அக்கா பின்னிருக்கையிலிருந்து அட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தார். அதில் தாள், தாளில் முப்பது வரிகள்.

“டெஸ்ட்டு சார்.”

அவர் வாயை மூடிக்கொண்டார். அது அவருக்குப் பழக்கமான இருக்கை, பழக்கமான அட்டை. பேனாவைத் திறந்தார். திருப்பங்களில் கதவுக்குள் கிடந்த நட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு கிளுங் என்றது. ஒவ்வொரு முறையும் அவர் தோள் துள்ளியது. அதற்கென்று தாளில் வரி எதுவும் இல்லை.

அலுவலக வாசலுக்கு எதிரே இறங்கி, வண்டியின் பின்னால் சுற்றி எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குப் போனார். தேர்வு முடிந்துவிட்டது, இனிப் பேசலாம். அந்த நட்டைப் பற்றி, நாற்சந்தியில் குறுக்கே வந்தவனைப் பற்றி, இன்னும் என்னென்னவோ பற்றிக் கையை ஆட்டித் தொடங்கினார். அக்கா கிளம்பும் முன் செய்ய வேண்டியதைச் செய்தார். மஞ்சள் கண்ணாடியைப் பார்த்தார். அதில் கணவர் சின்னதாக, நடைபாதையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஏற்றியிருந்ததால் வாய் மட்டும் அசைந்தது. கீழ் வரிசையில் இரண்டாவது பல் கொஞ்சம் முன்னால் வந்திருப்பதை அக்கா கவனித்தார். வண்டி நகர்ந்தது.